தேவிந்தர் சர்மா சொல்ற 19 மடங்கு கணக்கு சரியா? அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன்

டெல்டா_பேரன்:

வணக்கம் மக்களே, கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. நான் பெங்களூர்ல வேலை பாக்குறேன், சொந்த ஊர் மன்னார்குடி பக்கம், அப்பா இன்னும் விவசாயம்தான், 13 மா நிலம், அதாவது நாலு ஏக்கர் சொச்சம். இந்த தீபாவளிக்கு ஊருக்குப் போனா வீட்ல ஒரே ரகளை. அப்பாவோட வாட்ஸப் குரூப்ல யாரோ தேவிந்தர் சர்மா பேசின கிளிப்பை தமிழ் எழுத்து போட்டு அனுப்பிருக்காங்க, அதை அப்பா இருபது தடவையாவது போட்டுப் பாத்திருப்பாரு. அதுல அவரு சொல்றது இதான்: 1970ல கோதுமைக்கு அரசாங்கம் வச்ச குறைந்தபட்ச ஆதரவு விலை (எம்.எஸ்.பி.) குவிண்டாலுக்கு 76 ரூபா, 2015ல 1,450 ரூபா, 45 வருஷத்துல 19 மடங்குதான் ஏறிருக்கு, ஆனா அதே 45 வருஷத்துல அரசு ஊழியர் அடிப்படைச் சம்பளமும் டிஏவும் சேந்து 120லேருந்து 150 மடங்கு ஏறிருக்கு, ஸ்கூல் வாத்தியாருக்கு 280லேருந்து 320 மடங்காம்.

இதுல வம்பு என்னன்னா எங்க தாய்மாமா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். தீபாவளி அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுல உக்காந்திருக்கப்ப அப்பா போனை நீட்டி "பாருங்க மச்சான், உங்களைத்தான் சொல்றாரு"ன்னு சொல்லப்போக, மாமாவுக்கு சுர்ருனு ஏறிடுச்சு. "அத்தான், என் பென்ஷனாலயா உங்க நெல்லு வெல குறையுது? பொருளாதார நிபுணர் அசோக் குலாத்தி எழுதறதைப் படிங்க மொதல்ல, எம்.எஸ்.பி.க்கு சட்டம் போட்டா விவசாயத்துக்கே சங்குதான்னு சொல்றாரு." அப்பா, "அவரு ஏர் புடிச்சிருக்காரா?" மாமா, "உங்க சர்மா மட்டும் புடிச்சாரா?" அம்மா ரசத்தைக் கொண்டாந்து நடுவுல வச்சிட்டு, ரெண்டு பேரும் இலையைப் பாத்து சாப்பிடுங்கன்னு சொன்னதோட அப்போதைக்கு அடங்குச்சு.

எனக்கு இதெல்லாம் அவ்ளோ தெரியாது. அந்த 19 மடங்கு கணக்கு நேர்மையான கணக்குதானா இல்ல மேடைக்குச் சொல்றதா? இந்த சர்மா யாரு, எதாவது கட்சியா? எம்.எஸ்.பி. சட்டம்னு ஒன்னு வந்தா அப்பா மாதிரி நெல்லு போடறவங்களுக்கு நெஜமாவே எதாவது மாறுமா? கட்சி சண்டை வேணாம் ப்ளீஸ், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பத்தாயம்:

வேளாண் பொருளாதாரம் படிச்ச பாவத்துக்கு நான் ஆரம்பிக்கிறேன். தேவிந்தர் சர்மா கட்சிக்காரர் இல்ல, சங்கத் தலைவரும் இல்ல. ஒரு காலத்துல இண்டியன் எக்ஸ்பிரஸ்ல விவசாயச் செய்தி பாத்தவரு, அதை விட்டுட்டு முழு நேரமா எழுதறது, பேசறது. உலக வர்த்தக ஒப்பந்தம், மரபணு மாத்தின கத்திரிக்காய், எம்.எஸ்.பி., கார்ப்பரேட்டுக்கு தள்ளுபடி பண்ற கடன்னு எதை எடுத்தாலும் ஒரு நம்பரை வச்சு அடிப்பாரு, அந்த நம்பர் மனசுல நிக்கும். உங்கப்பா இருபது தடவை பாத்ததுல ஆச்சரியமே இல்ல, விவசாயி வீட்டு வயித்தெரிச்சலை ஒரே வரில சொல்ற திறமை அவர்கிட்ட இருக்கு.

இப்ப அந்த 19 மடங்கு. 1,450ஐ 76ஆல வகுத்துப் பாருங்க, 19தான், அதுல பொய் இல்ல. ஆனா குவிண்டால் விலை வேற, விவசாயி வருமானம் வேற. 1970ல ஒரு ஹெக்டேர் கோதுமைல இந்தியா முழுக்க சராசரியா 1,300 கிலோ வந்துச்சு, 2015 வாக்குல 3,000 கிலோவைத் தொட்டுடுச்சு, அதாவது ரெண்டே கால் மடங்கு. அப்ப ஒரு ஹெக்டேருக்கு கைல வந்த மொத்தப் பணம் 19 மடங்கு இல்ல, நாப்பது மடங்கைத் தாண்டிடும். உங்க மாமா இந்த பாயிண்டைப் புடிச்சா அப்பா அவுட்.

அவசரப்படாதீங்க, இன்னொன்னு இருக்கு. 1970-71ல ஒரு விவசாயிகிட்ட சராசரியா 2.28 ஹெக்டேர் நிலம் இருந்துச்சு, 2015-16 வேளாண் கணக்கெடுப்புல அது 1.08 ஹெக்டேர். பாதிக்கும் கீழ. விளைச்சல்ல ரெண்டே கால் மடங்கு ஏறினதை பாகப்பிரிவினை தின்னுடுச்சு. இதையும் போட்டு கணக்கு பண்ணா ஒரு குடும்பத்துக்கு வந்த மொத்தப் பணம் திரும்பவும் 20 மடங்கு கிட்டதான் வந்து நிக்குது! நெல அளவு எல்லா பயிருக்கும் சேத்த சராசரி, வெறும் கோதுமைக்கு இல்ல, அதனால இதை அப்படியே கல்லுல செதுக்க வேணாம், ஆனா திசை இதான். சர்மா ரெண்டு விஷயத்தையும் விட்டுட்டு சொல்றாரு, ரெண்டும் ஒன்னை ஒன்னு அடிச்சிக்கிறதால அவர் சொன்ன நம்பர் கிட்டத்தட்ட தப்பிச்சிடுது. உரம், டீசல், கூலி ஏறினதை நான் இன்னும் தொடவே இல்ல.

எம்.எஸ்.பி. எப்படி வைக்கிறாங்கன்னும் தெரிஞ்சுக்கோங்க, சண்டையே அங்கதான். சிஏசிபின்னு ஒரு ஆணையம், 1965ல ஆரம்பிச்சது, அவங்கதான் சிபாரிசு பண்றாங்க. செலவை மூணு விதமா கணக்கு பாப்பாங்க. ஏ2ன்னா விதை, உரம், கூலி, டீசல்னு கையை விட்டுப் போன காசு. அதோட வீட்டு ஆளுங்க வயல்ல பாத்த வேலைக்கும் கூலி போட்டா ஏ2+எஃப்எல். சொந்த நெலத்துக்கு குத்தகை மாதிரி ஒரு தொகை, போட்ட மொதலுக்கு வட்டி, இதையும் சேத்தா சி2. 2018 பட்ஜெட்ல ஒன்றரை மடங்கு தர்றோம்னு சொன்னது ஏ2+எஃப்எல் மேல. 2025-26க்கு நெல்லு செலவு 1,579ன்னு வச்சு எம்.எஸ்.பி. 2,369 அறிவிச்சாங்க, ஒன்றரை மடங்கு கரெக்டா வருது. விவசாய சங்கங்க கேக்கறது சி2 மேல ஒன்றரை, அப்படிப் பாத்தா 3,000ஐத் தாண்டிடும். டெல்லி எல்லைல ஜனங்க குளிர்ல கெடந்ததுக்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம். எல்லாரும் சுவாமிநாதன் கமிஷன் சுவாமிநாதன் கமிஷன்னு சொல்றாங்க, 2006ல சுவாமிநாதன் தலைமைல இருந்த அந்த தேசிய விவசாயிகள் கமிஷன் அறிக்கை சொன்னது உற்பத்திச் செலவோட சராசரிக்கு மேல கொறஞ்சது 50 சதவீதம்னு, சி2ங்கற வார்த்தை அந்த வரில கெடையாது. அதை வச்சே ரெண்டு பக்கமும் வாதாடலாம், வாதாடிட்டும் இருக்காங்க.

வாத்தியார்_வீட்டுப்_பொண்ணு:

ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு போயிடறேன். எங்க தாத்தா 1970ல பள்ளிக்கூட வாத்தியார். அன்னிக்கு வாத்தியார் சம்பளம் எவ்ளோ மட்டம்னு எங்க வீட்ல கதை கதையா சொல்லுவாங்க, மாசக் கடைசில மளிகைக் கடை நோட்டுல எழுதித்தான் சாப்பாடு, வாத்தியாருக்கு பொண்ணு குடுக்க யோசிப்பாங்களாம். ஆரம்பம் அவ்ளோ கீழ இருந்தா 300 மடங்குன்னு எதை வேணா காட்டலாம். ஹெட்மாஸ்டர் மாமாவை விட்ருங்க பாவம்.

பத்தாயம்:

இது நியாயமான பாயிண்ட், நான் யோசிக்கல. ஆனா சர்மா இதை வாத்தியாரைத் திட்டறதுக்குச் சொல்லல, சம்பளக்காரனுக்கு விலைவாசி ஏறினா டிஏ தானா ஏறுது, விவசாயிக்கு அப்படி ஒன்னு இல்லங்கறதுதான் அவர் பேச்சு. அதனாலதான் விவசாயிக் குடும்பத்துக்கு மாசம் 18,000 உறுதியா வர்ற மாதிரி பண்ண ஒரு வருமான கமிஷன் போடுங்கன்னும் கேக்கறாரு.

மொஹாலி_தமிழன்:

பத்து வருஷமா பஞ்சாப்ல இருக்கேன், அதனால இந்தப் பக்கத்துக் கதை. நம்மூர் ஆளுங்க எம்.எஸ்.பி.ன்னா ஒரு அறிவிப்புன்னு நினைக்கிறாங்க, இங்க அது ஒரு எடம். மண்டின்னு ஒரு இடம், தலைக்கு மேல ஷெட், கீழ சிமெண்ட் தரை. கன்னா மண்டிக்கு ஒரு தடவை ஃப்ரெண்டு கூட போயிருக்கேன், ஆசியாவுலயே பெரிய தானிய மண்டின்னு பெருமையா சொல்லுவாங்க. ஏப்ரல் மாசம், கண்ணுக்கு எட்டின தூரம் கோதுமைக் குவியல், டிராலி டிராலியா வந்து கொட்டிட்டே இருக்கு. ஒரு குவியல் பக்கத்துல ஆர்த்தியான்னு சொல்ற கமிஷன்காரர் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரு, விவசாயிக்கு டீ வாங்கிக் குடுக்கறாரு. அந்த ஆள்தான் சுத்தம் பண்ண ஆள் விடறது, எடை போடறது, சாக்கு புடிக்கிறது, அரசாங்க ஏஜென்சி ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டறது எல்லாம். பொண்ணு கல்யாணத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணா கடன் குடுக்கறதும் அவர்தான், வட்டியும் அவர்தான் வாங்கறாரு. சுரண்டல்னும் சொல்லலாம், ஒறவுன்னும் சொல்லலாம், இங்க ஜனங்க ரெண்டையும்தான் சொல்றாங்க.

2020 ஜூன்ல விவசாய விளைபொருள் விக்கறது வாங்கறது பத்தி மத்திய அரசோட மூணு அவசரச் சட்டம் வந்தப்ப இங்க பயந்தது எம்.எஸ்.பி. போயிடும்னு மட்டும் இல்ல. மண்டிக்கு வெளிய வரி இல்லாம வாங்கலாம்னு சொன்னா வியாபாரி வெளிய போயிடுவான், மண்டி காலியாகும், மண்டி காலியானா எம்.எஸ்.பி.ன்னு பேப்பர்ல மட்டும் இருக்கும்னு. அதுக்கு அவங்க காட்டின உதாரணம் பீகார். அங்க 2006லயே மண்டி சட்டத்தை எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் அங்க நெல்லு எம்.எஸ்.பி.க்கு ரொம்ப கீழ போகுதுன்னு சர்மா எல்லா டிவிலயும் சொன்னாரு. நாட்டுல 7,000 மண்டிதான் இருக்கு, அஞ்சு கிலோமீட்டருக்கு ஒன்னுன்னு வச்சா 42,000 வேணும்னு அவர் சொல்றதும் இதனாலதான். எனக்கு அவர் பேச்சுல ரொம்பப் புடிச்சது அந்த மண்டிக் கணக்குதான், 19 மடங்கு இல்ல.

ஆனா ஒன்னு, அவர் இதை அழுத்திப் பேசி நான் கேட்டது கம்மி. பஞ்சாப்காரன் அரிசி சாப்பிடறதே அபூர்வம், ரொட்டிதான். அவன் நெல்லு போடறதே எம்.எஸ்.பி.க்கும் இலவச கரண்டுக்கும்தான். 150 சொச்சம் பிளாக்ல 110க்கு மேல நிலத்தடித் தண்ணியை அளவுக்கு மீறி உறிஞ்சியாச்சு. ஜூன் மாசம் ஒரு தேதிக்கு முன்னாடி நாத்து நடக்கூடாதுன்னு 2009லயே சட்டம் போட்டு வச்சிருக்காங்கன்னா பாத்துக்கோங்க. நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஓனருக்கு கிராமத்துல நிலம் இருக்கு, அவரு சொல்லுவாரு, எங்கப்பா காலத்துல மாட்டை வச்சு தண்ணி எடுத்தோம், எனக்கு மோட்டாரை மூணு தடவை கீழ எறக்கியாச்சு, எம் புள்ள கனடாவுல டிரக் ஓட்றான். இதைத்தான் குலாத்தி விடாம எழுதறாரு. அவரை கார்ப்பரேட் ஆளுன்னு திட்டறவங்களும் இதை மட்டும் மறுக்க முடியாது.

சும்மா_வந்தேன்:

குலாத்தி கார்ப்பரேட் ஆளு இல்லாம? மூணு சட்டத்துக்கும் ஆதரவு, அப்புறம் அந்தச் சட்டங்களைப் பத்தி விசாரிக்க சுப்ரீம் கோர்ட் வச்ச கமிட்டில அவரையே போட்டாங்க, கமிட்டில இருந்த எல்லாருமே ஆதரவாளர்தானேன்னு விவசாயிங்க போகவே இல்ல. ரெண்டு பேருமே ஏசி ரூம். ஒருத்தர் டிவி ஏசி, ஒருத்தர் ஆபீஸ் ஏசி.

பத்தாயம்:

அப்படி ஒரே அடியா தள்ள முடியாது ப்ரோ. கமிட்டி விஷயம் சரிதான், 2021 ஜனவரில நாலு பேரைப் போட்டாங்க, அதுல ஒருத்தரு உடனே விலகிட்டாரு, சங்கங்க யாரும் போய்ப் பேச மாட்டோம்னுட்டாங்க. ஆனா குலாத்தி 2011லேருந்து 2014 வரைக்கும் அதே சிஏசிபிக்கு தலைவரா இருந்தவரு. எம்.எஸ்.பி.யை உக்காந்து போட்டவருக்கே அதுக்கு சட்டம் வேணாம்னு தோணுதுன்னா ஏன்னு கேக்கணும்ல? அவர் சொல்றது, பால், கோழி, மீன், காய்கறி எதுக்கும் எம்.எஸ்.பி. கெடையாது, ஆனா தானியத்தை விட அதுதான் வேகமா வளருது. அரசாங்கம் விலைல கைய வைக்காம பணத்தை நேரா விவசாயி அக்கவுண்ட்ல போடட்டும், ஏற்றுமதியை அடைக்காம இருக்கட்டும்.

இப்ப ஒரு கூத்து சொல்றேன். ஓஇசிடிங்கற வளர்ந்த நாடுகளோட அமைப்பும் டெல்லில இருக்கிற இக்ரியர்ங்கற ஆய்வு நிறுவனமும் சேந்து 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 2000-01லேருந்து 2016-17 வரைக்கும் நம்ம விவசாயிக்கு அரசாங்கம் மானியமா குடுத்ததை விட, ஏற்றுமதித் தடை, ஸ்டாக் கட்டுப்பாடு மாதிரி வேலையால விலையை அமுக்கி எடுத்துக்கிட்டது அதிகம், மொத்த வருமானத்துல வருஷத்துக்கு சராசரியா 14 சதவீதம் மறைமுக வரி மாதிரி போச்சுன்னு. ரூபாய்ல சொன்னா அந்த 17 வருஷத்துக்கு 45 லட்சம் கோடி. இந்த ஆய்வை எழுதினவங்கள்ல குலாத்தியும் ஒருத்தர். இதே 45 லட்சம் கோடியை சர்மாவும் எல்லா மேடைலயும் சொல்றாரு! ஒருத்தர் அதை வச்சு சந்தையைத் திறந்து விடுங்கன்னு சொல்றாரு, இன்னொருத்தர் அதை வச்சு சந்தையை நம்பாதீங்க, விலைக்கு சட்டம் போடுங்கன்னு சொல்றாரு. விவசாயிகிட்டருந்து எடுத்திருக்காங்கங்கறதுல ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல. உங்க அப்பாவையும் மாமாவையும் உக்கார வச்சு இதை மட்டும் சொல்லுங்க, அடுத்த தீபாவளிக்கு ரசம் தேவைப்படாது.

எடுத்ததுக்கு உதாரணம் ரொம்ப தூரம் போய்த் தேட வேணாம். 2022 மே மாசம் வெளிநாட்டுல கோதுமை விலை எகிறினப்ப ஏற்றுமதியை ராத்திரியோட ராத்திரியா நிறுத்தினாங்க. 2023 ஜூலைல பாஸ்மதி இல்லாத பச்சரிசி, அதே வருஷம் டிசம்பர்ல வெங்காயம். டவுன்ல இருக்கவனுக்கு விலை ஏறக்கூடாது, அவன்தானே டிவி முன்னாடி கத்துவான், நானும்தான் வெங்காயம் 80 ரூபான்னா கத்துவேன்.

சட்டம் வந்தா என்ன ஆகும்னு கேட்டீங்கல்ல. அதுல மூணு ரூட் பேசறாங்க. எல்லாத்தையும் அரசாங்கமே வாங்கறது ஒன்னு. அதுக்குத்தான் 2024 பிப்ரவரில பத்து லட்சம் கோடி ஆகும்னு ஒரு நம்பர் சுத்துச்சு, அது எம்.எஸ்.பி. இருக்கிற பயிரோட மொத்த மதிப்பு, நஷ்டம் இல்ல. வாங்கினதை கடல்ல கொட்டப் போறதில்ல, திரும்ப விப்பாங்கல்ல, அந்த நம்பரைச் சொல்லி பயமுறுத்தினது நேர்மையில்ல. ரெண்டாவது, எம்.எஸ்.பி.க்கு கீழ வாங்கற வியாபாரிக்கு தண்டனை. சர்மா சொல்றது கிட்டத்தட்ட இதான், எம்.எஸ்.பி.க்கு கீழ யாவாரமே நடக்கக்கூடாதுன்னு. 2018ல மகாராஷ்ட்ரால இப்படி யோசிச்ச ஒடனே வியாபாரிங்க மண்டில வாங்கறதையே நிறுத்திட்டாங்க, அரசாங்கம் பின்வாங்கிடுச்சு. மூணாவது, வித்த விலைக்கும் எம்.எஸ்.பி.க்கும் உள்ள வித்தியாசத்தை அரசாங்கம் குடுக்கறது, 2017ல மத்தியப் பிரதேசத்துல பவாந்தர்னு பண்ணாங்க, அரசாங்கம்தான் மிச்சத்தைத் தரப்போகுதேன்னு வியாபாரிங்க விலையை எறக்கிட்டாங்கன்னு ஒரே புகார். எனக்கு மூணுமே முழுசா திருப்தி இல்ல. ஆனா எதுவுமே வேணாம்னு சொல்றவங்க 2018-19 அரசாங்க சர்வேயைப் பாக்கட்டும், ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மாச வருமானம் சராசரியா 10,218, அதுல பயிர்லேருந்து வந்தது 3,798, கூலிக்குப் போய் வந்தது 4,063. விவசாயின்னு பேரு, கூலிதான் ஜாஸ்தி.

கரும்புக்காடு:

எல்லாரும் பெரிய பெரிய விஷயமா பேசறீங்க, நான் விழுப்புரம் ஜில்லா, கரும்பு. வெலைக்கு சட்டம் வந்தா என்ன ஆகும்னு கேக்கறீங்க இல்ல தம்பி, எங்களுக்கு சட்டம் எப்பவோ வந்துடுச்சு. 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைன்னு இருக்கு. அரசாங்கம் வெல வைக்கும், ஆலைக்காரன் அதுக்குக் கொறஞ்சி குடுக்கக் கூடாது, கரும்பு எறக்கின 14 நாள்ல காசு குடுத்துடணும், குடுக்கலன்னா வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. நெல்லுக்காரன் கேக்கற சட்டம் இதை விட நல்லா எழுதிட முடியாது.

என் கதைய சொல்றேன். ஒரு தனியார் ஆலைக்கு, பேரு வேணாம், மூணு ஏக்கர் கரும்பு போட்டேன். கட்டிங் ஆர்டர் வர்றதுக்கே ரெண்டு மாசம் லேட்டு, காட்டுல நின்னு பூ வச்சிடுச்சு, எடை போச்சு. வெட்டாளுங்களுக்கு கைல காசு குடுத்துதான் வெட்டினேன், வண்டி ஆலை வாசல்ல ரெண்டு நாள் வரிசைல நின்னுச்சு, கரும்பு காய்ஞ்சி இன்னும் எடை போச்சு. எடைச்சீட்டு குடுத்தாங்க, மஞ்சக் கலர் சீட்டு, இன்னிக்கும் பீரோல பொண்டாட்டி நகைப் பொட்டில இருக்கு. 14 நாள் போச்சு, 14 மாசமும் போச்சு. பாதி வந்துச்சு, மீதி வரல. அந்தக் கடனுக்கு சொசைட்டில அசல் கட்டல, அடுத்த வருஷம் உரக் கடன் கெடையாதுன்னுட்டாங்க. ஒரு நாப்பது பேரு சேந்து வட்டியும் அசலும் கேட்டு கேஸ் போட்டிருக்கோம்.

வெலயும் கேளுங்க. 2025-26க்கு குவிண்டாலுக்கு 355ன்னு பேப்பர்ல போட்டான். அது சக்கரைச் சத்து 10.25 சதவீதம் இருந்தாத்தான். 9.5க்கு கீழன்னா 329 ரூபா அஞ்சு பைசா. எங்க பக்கம் 9.5 தாண்டறதே கஷ்டம். சத்து எவ்ளோன்னு அளக்கறதும் ஆலைதான், எடை போடறதும் ஆலைதான்.

அந்த சர்மா சாரு பேச்சு நானும் கேட்டிருக்கேன், நல்ல மனுஷன், நம்ம வலி தெரியுது. ஆனா அவரு கரும்பைப் பத்திப் பேசறப்ப எல்லாம் நான் காத்துக்கிட்டு இருப்பேன், வெல சொல்லிட்டு வசூல் பண்றது யாருன்னு சொல்லுவாரான்னு. குலாத்தி சாரு சொல்றாருன்னு சொல்றீங்களே, வாங்கறவனும் விக்கறவனும் பேசித் தீத்துக்கணும்னு, எங்க ஏரியாவுக்கு ஒரே ஆலைதான், நான் யாருகிட்ட போய் பேசறது?

மொஹாலி_தமிழன்:

அண்ணே, இதேதான் உத்தரப்பிரதேசம் மேற்குப் பக்கம் கரும்பு விவசாயியும் சொல்றான். டெல்லிப் போராட்டத்துல காஜிப்பூர் எல்லைல உக்காந்திருந்தவங்கள்ல நிறைய பேரு கரும்பு ஆளுங்கதான், அவங்ககிட்ட நெல்லு கோதுமை எம்.எஸ்.பி.யைப் பேசினா கேப்பாங்க, கரும்பு பாக்கியைப் பேசினாத்தான் எந்திரிச்சு நிப்பாங்க.

டெல்டா_பேரன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. நேத்து ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு ஒவ்வொன்னா படிச்சுக் காட்டினேன், மாமாவையும் கான்ஃபரன்ஸ்ல போட்டேன்.

45 லட்சம் கோடி விஷயம் கேட்டதும் மாமா "நான் அதைத்தானே சொன்னேன்"னாரு, அப்பாவும் "நான் அதைத்தானே சொன்னேன்"னாரு. அம்மா பின்னாடிலேருந்து சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

பத்தாயம் அண்ணா சொன்ன பாகப்பிரிவினை கணக்கைச் சொன்னப்ப அப்பா கொஞ்ச நேரம் பேசல. எங்க தாத்தாவுக்கு 26 மா. பெரியப்பாவுக்கு 13, அப்பாவுக்கு 13. நான் இதை யோசிச்சே பாக்கல. அப்பா சொன்னாரு, தாத்தா காலத்துல குறுவை, தாளடின்னு ரெண்டு போகம் போட்டு பத்தாயம் நெறஞ்சுது, எனக்கும் மா கணக்குக்கு தாத்தாவை விட ஜாஸ்திதான் காணுது, ஆனா கைல நிக்க மாட்டேங்குதுடான்னு.

அப்புறம் நான் கேட்டேன், சரி எம்.எஸ்.பி. 3,000 ஆனா உனக்கு எவ்ளோ கெடைக்கும்னு. அவரு கோவமா ஆரம்பிச்சிட்டாரு. 2025-26 சீசன்ல மத்திய அரசு விலைக்கு மேல தமிழ்நாடு ஊக்கத்தொகையும் சேத்து சன்ன ரகத்துக்கு 2,545 ரூபா. விலை மோசமில்லன்னு அவரே சொல்றாரு. ஆனா அறுத்த நெல்லு கொள்முதல் நிலையத்து வாசல்ல பதினோரு நாள் கெடந்துச்சு. சாக்கு வரல, லாரி வரல, முன்னாடி புடிச்ச மூட்டையே நகரல. அக்டோபர் மழை. நான் தீபாவளிக்கு வந்தப்ப ரெண்டு நாள் அவர் கூட அங்கதான் இருந்தேன். வெயில் அடிச்சா தார்பாயை உருவி நெல்லைக் கிண்டிக் காய வைக்கணும், இருட்டிக்கிட்டு வந்தா ஓடி மூடணும். ஈரப்பதம் பாக்கற மிஷின்ல ஒரு கைப்பிடி போட்டாங்க, 19.4 காட்டுச்சு. 17க்குள்ள இருக்கணும். அதுக்கு மேல எடுத்துக்க முடியாதுன்னு அந்தப் பையன் சொல்றான், அவன் மேல தப்பில்ல, அவனுக்கு அதான் ரூல். 22 வரைக்கும் எடுத்துக்கணும்னு தமிழ்நாடு அரசு கேட்டு, டெல்லிலேருந்து டீம் வந்து சாம்பிள் எடுத்துட்டுப் போச்சுன்னு நியூஸ்ல பாத்தோம். அதுக்குள்ள குவியலோட அடில கைய விட்டுப் பாத்தா சூடு, வெளிய எடுத்தா நெல்லு மூக்குல வெள்ளையா முளை. அப்பா அதை உள்ளங்கைல வச்சுப் பாத்துட்டு ஒன்னும் சொல்லாம வேட்டில தொடச்சிக்கிட்டாரு. அடி நெல்லை ஒதுக்கி வெளி வியாபாரிக்கு குடுத்தோம், அவன் வச்சதுதான் விலை. மூட்டைக்கு இவ்ளோன்னு கொடுத்த காசெல்லாம் தனி, அதை இங்க எழுதல.

அதனால மொஹாலி அண்ணா சொன்ன அந்த ஷெட்டும் சிமெண்ட் தரையும்தான் அப்பாவுக்குப் புடிச்சிருக்கு. "மேல கூரை இருக்காமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. போட்டோ இருந்தா அனுப்புங்க அண்ணா, கேக்கறாரு.

மாமா கடைசில போனை வைக்கிறப்ப, அந்த சர்மா கிளிப்பை எனக்கும் அனுப்புங்க அத்தான், முழுசா பாக்கலன்னாரு. அப்பா இன்னும் அனுப்பல.

கரும்புக்காடு அண்ணா, உங்க கேஸ் என்ன ஆச்சு? அப்பா கேக்கச் சொன்னாரு.

கரும்புக்காடு:

பொங்கல் கழிச்சு வாய்தா குடுத்திருக்காங்க தம்பி. இது ஏழாவது. அப்பாவை முளை விட்ட நெல்லை மாட்டுக்குப் போடறப்ப பாத்துப் போடச் சொல்லு, பூஞ்சை புடிச்சிருந்தா வயிறு உப்பிக்கும்.